பேறுகாலமும் பிள்ளையின் மூளையும்

இலங்கையிலே பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. அதன் பின்னர்ப் பதிவாளர் நாயகம் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த அறிக்கைகளைப் புரட்டுவோர், குழந்தைகள் இறந்தமைக்குக் காரணமாக இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பர். ஒன்று ‘வலிப்பு’, மற்றொன்று ‘பலவீனம்’. பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் ஆயிரமாயிரமாக இவ்விரு சொற்களின் கீழ் அடங்கிவிட்டன. ஆனால், பலவீனம் ஒரு நோயன்று. வலிப்பும் ஒரு நோயன்று. இரண்டும் நோயின் வெளித்தோற்றங்களே. இறக்கும் குழந்தையைக் கண்ட வைத்தியர் பெரும்பாலும் இல்லை. வீட்டார் கண்டது கைகால் இழுத்துக்கொண்டதை. அவர்கள் சொன்னதும் அதுவே. பதிவேட்டில் ஏறியதும் அதுவே.

இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மறைந்து கிடந்தவை யாவை என்பதை வைத்திய உலகம் கண்டறிய ஏறத்தாழ நூறாண்டு சென்றது. கண்டறிந்தபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. தாய் கருவுற்றிருக்கும் மாதங்களிலும், பிரசவத்தின் சில மணி நேரத்திலும், அதற்கடுத்த சில நாள்களிலும் அவளுக்குக் கிடைக்கும் பராமரிப்பு எத்தகையதோ, பிள்ளையின் மூளையும் நரம்பும் பெரிதும் அத்தகையனவாகும் என்பதே அவ்வுண்மை. ஊவா மாகாணத்துத் தோட்டங்களின் வரலாற்றை இந்தக் கண்கொண்டு நோக்கினால், தேயிலையின் விலையும் தொகையும் கூறும் ஏடுகளில் காணாத ஒரு கதை தோன்றும்.

ஊவாவின் தலைநகராகிய பதுளையைச் சூழ்ந்த மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கோப்பி பயிராயிற்று. அப்பயிருக்கு உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ் மக்கள் வந்தனர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலைநாட்டின் பல திசைகளுக்கும் பிரிந்து சென்ற கூட்டங்களில் ஒரு பகுதி ஊவாவின் சரிவுகளை அடைந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தில் தேயிலை வந்தது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, ஹப்புத்தளை என இன்று தேயிலையால் பெயர்பெற்ற ஊர்களெல்லாம் இங்ஙனம் எழுந்தவை. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. புகையிரதப் பாதையோ 1924ஆம் ஆண்டிலேதான் பதுளையை எட்டியது. அதுவரையும், அதன் பின்னருங்கூட, மலைமுகட்டுத் தோட்டமொன்றிலே பேறுவலியெடுத்த பெண்ணுக்கும் பட்டினத்து வைத்தியசாலைக்கும் இடையே கிடந்தது தூரம் மட்டுமன்று. இருளும் மழையும் ஒற்றையடிப் பாதையுங்கூட அவற்றிடையே கிடந்தன.

தோட்டத்துப் பெண்ணின் பேறுகாலம் லயத்து அறைக்குள்ளே நிகழ்ந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலே அமைந்த அவ்வறைதான் சமையற்கட்டும் படுக்கையறையும். பிரசவ அறையும் அதுவே. பக்கத்து லயத்து மூத்த பெண் ஒருத்தி மருத்துவச்சியாக வந்து உதவினாள். அவளை இழித்துரைப்பது நியாயமன்று. வேறு எவரும் வராத இடத்துக்கு வந்தவள் அவள். தாயின் மொழியைப் பேசியவளும், இரவெல்லாம் உடனிருந்தவளும் அவளே. அவளிடம் இல்லாதது அன்பன்று. கொதிக்கவைத்த கத்தியும், சுத்தமான நூலும், அவை ஏன் வேண்டும் என்ற அறிவுமே. அவ்வறிவை அவளுக்குக் கொடுக்கும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை.

அரசு முற்றிலும் வாளாவிருந்தது என்றும் கூறுவதற்கில்லை. 1872ஆம் ஆண்டில், தோட்டப் பகுதிகளின் வைத்தியத் தேவைகளுக்கெனக் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. தோட்டக்காரர் செலுத்தும் வரியைக்கொண்டு மாவட்ட வைத்தியர்களையும் வைத்தியசாலைகளையும் ஏற்படுத்துவது அதன் நோக்கம். 1912இல் வந்த கட்டளைச் சட்டங்கள் மேலும் ஒருபடி சென்றன. ஒரு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் தக்க கவனிப்பும் உணவும் கிடைக்கிறதா என்று பார்ப்பதும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளிப்பதும், வைத்தியர் தக்கவள் எனச் சான்று கூறினாலன்றி அம்மாதத்தில் அவளை வேலைக்கு அழையாதிருப்பதும் தோட்டத்துத் துரையின் கடமைகளாக விதிக்கப்பட்டன. 1939இல் பிரசவ நன்மைக் கட்டளைச் சட்டம் வந்தது. அது காசாகக் கொடுக்கவேண்டிய உதவியின் ஒரு பகுதியை, தோட்டங்கள் பிரசவ விடுதியாகவும் உணவாகவும் கொடுப்பதற்கு இடமளித்தது. அதன் பயனாகப் பல தோட்டங்களில் பிரசவ விடுதிகள் எழுந்தன.

சட்டத்தின் எழுத்து நன்று. ஆனால் அதன் பார்வை உழைப்பின்மீது நின்றது. தொழிலாளி நோயுற்றால் வேலை கெடும். ஆதலின் நோயைத் தடுக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. பெரட்டிலே பெயர் கொடுக்கும் வரையில் ஒரு பெண் தொழிலாளி. பேறுகாலம் நெருங்கும் மாதங்களில் அவள் வயிற்றில் வளரும் சிசு எவருடைய கணக்கிலும் வரவில்லை. கொழுந்துக்கூடையின் கயிறு நெற்றியில் பதிய, செங்குத்தான சரிவிலே அவள் நிறைமாதம் வரை ஏறி இறங்கினாள். வெறுங்காலுடன் நடந்தமையால் கொளுக்கிப்புழு அவள் இரத்தத்தைக் குடித்தது. அப்புழுவுக்கு எதிரான இயக்கம் அமெரிக்காவின் ரொக்பெல்லர் தாபனத்தின் உதவியோடு 1916இல் இந்நாட்டுத் தோட்டங்களில் தொடங்கிற்று. இரத்தசோகையுற்ற தாய் பேற்றின்போது சிறிது இரத்தம் இழந்தாலும் உயிர் துறப்பாள். உயிர் பிழைத்தாலும் எடைகுறைந்த பிள்ளையையே ஈன்றளிப்பாள். இவை அந்நாளிலேயே அறியப்பட்டிருந்தன.

இனி, ‘வலிப்பு’ என்ற சொல்லுக்குள் நுழைவோம். அதனுள் மறைந்திருந்த முதல் நோய் ஏற்புவலி. பிறந்த குழந்தை முதல் இரண்டு நாள் நன்றாகவே பால் குடிக்கும். மூன்றாம் நாளுக்கும் இரண்டாம் வார முடிவுக்கும் இடையில் திடீரெனப் பால் குடிக்க மாட்டாது, தாடை இறுகும், உடல் வில்போல் வளையும், சிறு ஓசை கேட்டாலும் இழுப்பு வரும். சில நாளில் உயிர் போகும். இது நம் நாட்டுக்கே உரிய நோய் என எண்ண வேண்டா. அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் பிரசவ வைத்தியசாலை ஒன்று புகழ்பெற்று விளங்கியது. அங்கே 1782ஆம் ஆண்டுவரை உயிருடன் பிறந்த 17,650 குழந்தைகளில் 2,944 குழந்தைகள் முதல் இரு வாரங்களுக்குள் மாண்டன. ஆறில் ஒன்று என்பது இக்கணக்கு. ‘ஒன்பதாம் நாள் இழுப்பு’ என அங்குள்ளார் அதனை அழைத்தனர். ஜோசப் கிளார்க் என்னும் வைத்தியர் அறைகளுக்குக் காற்றோட்டம் உண்டாக்கியதும் இறப்பு வெகுவாகக் குறைந்தது. நோயின் வேரை அவர் அறியார். எனினும் தூய்மை பெருகிய இடத்தில் நோய் தளரும் என்பதைக் காட்டினார்.

தேயிலைத் தோட்டத் துரைமாரிற் பலர் ஸ்கொத்லாந்து தேசத்தவர். 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அத்தேசத்தவரே. அவர்களுடைய நாட்டின் மேற்குக் கடலிலே செயின்ற் கில்டா என்னும் சிறு தீவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தீவிற் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவை ஒரு வாரத்தை அடுத்து வந்த இந்த இழுப்பினால் இறந்தன. அது கடவுளின் சித்தம் என்றே தீவினர் அமைந்திருந்தனர். அங்குப் பணியாற்றிய பிடஸ் என்னும் பாதிரியார் கிளாஸ்கோ நகருக்குச் சென்று, கொப்பூழ்க்கொடியைக் கிருமியின்றிக் கையாளும் முறையைக் கற்று வந்தார். 1890களில் நோய் அத்தீவைவிட்டு அகன்றது. ஐரோப்பாவின் ஒரு மூலையில் நிகழ்ந்ததும் ஊவாவின் லயத்தில் நிகழ்ந்ததும் ஒரே நோய். குற்றம் மக்களின் குலத்திலும் இல்லை, நிறத்திலும் இல்லை. கொடியறுத்த கத்தியிலும் அதன்மேல் வைத்த பொருளிலும் இருந்தது.

நோயின் வேரை விஞ்ஞானம் பின்னர்க் கண்டது. 1889இல் ஜப்பானியராகிய கிடசாட்டோ, பெர்லின் ஆய்வுகூடத்திலே ஏற்புவலிக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அக்கிருமியின் வித்துகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் பல்லாண்டு உயிரோடிருக்கும். கொடி அறுபட்ட புண்ணிலே அவை புகுந்தால், அவற்றின் நஞ்சு நரம்பின் வழியே முதுகுத்தண்டை அடையும். தசைகளை இறுக்கும் கட்டளையும் அவற்றைத் தளர்த்தும் கட்டளையும் நரம்பு மண்டலத்தில் எப்பொழுதும் சமன்பட்டு நிற்பவை. இந்நஞ்சு தளர்த்தும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. அதனாலேயே தசைகள் ஓயாது இறுகி இழுப்பு உண்டாகிறது. ஆகவே, பதிவேடு ‘வலிப்பு’ என்று குறித்தது பொய்யன்று. ஆனால் உண்மையின் கடைசிப் பக்கம் மட்டுமே அது. முதற்பக்கம் அறுத்த கத்தியில் எழுதப்பட்டிருந்தது.

1920களில் பிரெஞ்சு விஞ்ஞானியாகிய ராமோன், இந்நஞ்சை வலியிழக்கச் செய்து தடுப்பு மருந்தாக்கினார். 1961இல் நியூகினியிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. கருவுற்ற தாய்க்கு அம்மருந்தை ஊசியாக ஏற்றினால், அவள் உடலில் உண்டாகும் எதிர்ப்பாற்றல் நச்சுக்கொடி வழியே சிசுவுக்கும் சென்று அதனைக் காக்கும் என்று அவ்வாய்வு நிறுவியது. வைத்தியசாலைக்கு வரமுடியாத தாயின் பிள்ளையையும் காக்கத்தக்க வழி இது. இலங்கை 1969இலேயே கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கியது. ஆயினும் தோட்டங்களுக்கு அது சென்று சேரக் காலம் பிடித்தது. நாட்டின் சிசு மரணங்களை ஆராய்ந்த எஸ். ஏ. மீகம என்னும் அறிஞர், தோட்டப் பகுதிகளில் பிறந்த சிசுக்களை ஏற்புவலி கொண்டுசென்றதை 1980இல் வெளிவந்த தம் ஆய்விலே எடுத்துக்காட்டினார். ஊசியும் மருத்துவமாதும் பிரசவ விடுதியும் ஒருங்கே சென்றடைந்தபின் அந்நோய் தணிந்தது. 2016ஆம் ஆண்டில், இலங்கையை உள்ளிட்ட தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதிலும் தாய் சேய் ஏற்புவலி ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிராமத்துத் தாயும் தோட்டத்துத் தாயும் இன்று ஒரே பெயரால் ‘ஏற்பு ஊசி’ என அழைப்பது இந்த வரலாற்றின் பயனையே.

‘வலிப்பு’ என்பதனுள் மறைந்த இரண்டாவது நோய் தாயினுடையது. கருவுற்ற பெண்ணின் இரத்த அழுத்தம் ஏறி, கைகால் வீங்கி, சிறுநீரில் வெண்புரதம் கழிந்து, ஈற்றில் வலிப்பு வரும். தாயின் மூளையைத் தாக்கும் இந்நோய் அவளையும் பிள்ளையையும் ஒருசேரக் கொல்லவல்லது. நாட்டார் இதனைப் பேய்பிடித்ததாகக் கருதி வேப்பிலை அடித்தனர். ஆனால் இந்நோய் முன்னறிவித்தே வருவது. சிறுநீரைச் சோதித்தால் தெரியும் என்பது 1843 முதலே அறியப்பட்டது. இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலியராகிய ரீவா ரொச்சி 1896இல் அமைத்தார். நோயில்லாத கர்ப்பிணியையும் மாதந்தோறும் பார்க்கவேண்டும் என்ற எண்ணத்தை எடின்பரோ நகர வைத்தியர் பாலன்டைன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலியுறுத்தினார். இலங்கையில் 1926இல் களுத்துறையில் அமைந்த முதற் சுகாதாரப் பிரிவு இக்கருத்தை வீட்டு வாயிலுக்குக் கொண்டுசென்றது. மருத்துவமாது ஒருத்தி தனக்குரிய எல்லைக்குள் ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டுக்கும் சென்று பார்க்கும் வழக்கம் அங்கிருந்தே நாடெங்கும் பரந்தது.

வலிப்பு வரும் என அஞ்சப்படும் தாய்க்கு மக்னீசியம் சல்பேற்று என்னும் மலிவான உப்பு மருந்தைக் கொடுத்தால், வலிப்பு வரும் அபாயம் பாதியாகக் குறையும் என்பதை 33 நாடுகளில் 10,000 பெண்களுக்கு மேற்பட்டோரைக்கொண்டு நடந்த ஆய்வு 2002இல் காட்டியது. மருந்து மலிவு, அதனை வேளையறிந்து கொடுக்கும் ஏற்பாடே அருமை. நாள்தோறும் கொழுந்து எடுத்தாலன்றிச் சம்பளம் இல்லாத பெண், சோதனைக்காக ஒருநாள் வேலையை விட்டுப் பட்டினம் போகமாட்டாள். ஆதலின், சோதனை அவளிடம் செல்லவேண்டும். வைத்தியத்தின் தரம் என்பது வைத்தியசாலைக் கட்டடத்தின் தரம் மட்டுமன்று; அது நோயாளியின் வாயிலுக்கு எவ்வளவு அண்மையில் நிற்கிறது என்பதுமாகும்.

மூன்றாவது காரணம் பிறக்கும் வேளையில் நிகழ்வது. பேறு நீடித்து, பிள்ளைக்குப் பிராணவாயு எட்டாமற் போனால், அதன் மூளை கேடுறும். பிறந்தவுடன் அழாத பிள்ளை, முதல்நாளே இழுப்புக் காணும். சில இறக்கும், சில பிழைத்து, கைகால் இறுகி, நடக்கவும் பேசவும் இயலாது வளரும். 1861ஆம் ஆண்டில் இலண்டன் மகப்பேற்றுச் சங்கத்தில் வைத்தியர் வில்லியம் லிட்டில் இப்பொருள்பற்றிக் கட்டுரை வாசித்தார். கடினப் பிரசவமும் குறைமாதப் பிறப்பும் மூச்சடைப்பும் பிள்ளையின் உடலையும் உள்ளத்தையும் வாழ்நாள் முழுதும் பாதிக்கும் என்று முதன்முதலில் விரித்துரைத்தவர் அவர். மூளை வாதம் என்று இன்று வழங்கும் நிலை நெடுங்காலம் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது.

பின்னாளில் உளவியலாற் புகழ்பெற்ற சிக்மன் பிராய்ட், 1897இல் இதற்கு ஒரு மறுப்புரைத்தார். கடினப் பிரசவம் காரணமாயிராது, கருவிலேயே நேர்ந்த குறையின் விளைவாகவும் இருக்கலாம் என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை ஏறத்தாழ 54,000 கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்த பெருமுயற்சியொன்று நடந்தது. அதனை ஆராய்ந்து நெல்சன், எலன்பர்க் என்னும் அறிஞர் 1986இல் வெளியிட்ட முடிவு பிராய்டின் பக்கமே சாய்ந்தது. அங்கே மூளை வாதமுற்ற பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குக் காரணம் பிரசவ வேளையில் இல்லை. அதற்கு முன்னரே இருந்தது.

இம்முடிவைக் கொண்டு, பிரசவ வேளையின் பராமரிப்புப் பொருட்டன்று என்று கொள்ளுதல் பெரும் பிழையாகும். அந்த ஆய்வு நடந்தது பயிற்சி பெற்ற வைத்தியரும் சத்திரசிகிச்சை வசதியும் உள்ள பெரு நகர வைத்தியசாலைகளில். எங்கே பிரசவப் பராமரிப்பு முன்னமே செம்மையுற்றதோ, அங்கே எஞ்சும் குறைகளின் காரணம் கருவில் இருக்கும். எங்கே மூச்சடைத்த பிள்ளையைத் தூக்கி உயிர்ப்பிக்கவும் ஆளில்லையோ, அங்கே காரணம் பிரசவ அறையிலேயே இருக்கும். ஊவாவின் தோட்டங்களுக்கு இவ்விரண்டு உண்மைகளும் ஒருங்கே பொருந்தும். கருக்காலத்து ஊட்டக்குறைவும் அங்கே இருந்தது. பேறுகாலத்து ஆதரவின்மையும் அங்கே இருந்தது.

இவ்விடத்திலே வரலாற்றின் ஒரு கசப்பான பக்கத்தைப் புரட்டவேண்டும். 1930களிலே இலங்கையில் ஆயிரம் பேறுகளுக்கு இருபது தாய்மாருக்கு மேல் இறந்தனர். மலேரியாக் கொள்ளைநோய் வீசிய 1935இல், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டுக்குள் மாண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நாடு விரைந்து முன்னேறியது. மலேரியா அடக்கப்பட்டது, இலவச வைத்தியசாலைகள் பெருகின, மருத்துவமாதர் ஊர்தோறும் சென்றனர். தாய்மார் மரணம் படிப்படியாகக் குறைந்து, 2010களின் பிற்பகுதியில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 40க்கும் கீழே வந்தது. உலகமே இலங்கையை எடுத்துக்காட்டாகக் கூறலாயிற்று.

ஆனால் அவ்வெளிச்சம் தோட்டங்களின்மீது உடனே விழவில்லை. 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாத மக்களின் குரல் சட்டசபையில் ஒலியாது. கிராமத்துக்குச் சென்ற அரசாங்க மருத்துவமாதின் எல்லை தோட்டத்தின் வேலியோடு நின்றது. வேலிக்குள்ளே வைத்தியம் கம்பெனியின் கையில் இருந்தது. உணவுப் பஞ்சம் வாட்டிய 1974இல், நாட்டின் சிசு மரணம் ஆயிரத்துக்கு 51 ஆக இருக்க, தோட்டங்களில் அது 100ஐ வெகுவாகத் தாண்டியது. ஒரே மலையின் அடிவாரத்துக் கிராமத்திலும் உச்சித் தோட்டத்திலும் பிறந்த இரு பிள்ளைகளின் ஆயுளை ஒரு முள்வேலி வேறுபடுத்தியது.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. 1990களிலே தோட்டத்து வைத்தியசாலைகளை அரசு ஏற்கும் கொள்கை உருவாயிற்று. பொதுச் சுகாதார மருத்துவமாதின் பணி மெல்ல மெல்ல வேலியைத் தாண்டியது. எஞ்சியிருந்த நாடற்றவருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. லயத்தறையில் நிகழ்ந்த பேறு இன்று பழங்கதையாகிவருகிறது. பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியும் மாகாணத்தின் ஏனைய வைத்தியசாலைகளும் ஊவாத் தோட்டத்துப் பெண்களின் பிரசவத்துக்கு வழக்கமான இடங்களாகிவிட்டன. இது பெரிய வெற்றி, ஐயமில்லை.

வெற்றியின் நடுவே நிற்கும் குறையையும் காணவேண்டும். 2006, 2007ஆம் ஆண்டுகளில் நடந்த நாடளாவிய சுகாதார ஆய்வு, எடைகுறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டில் ஏறத்தாழ ஆறில் ஒன்றாக இருக்க, தோட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று எனக் கண்டது. எடை குறைந்த பிள்ளையின் மூளை, பிறக்கும் வேளையின் நெருக்கடியைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. தாயின் உணவில் அயடீன் குறைந்தால் கருவின் மூளை வளர்ச்சி குன்றும் என்பதறிந்து, 1995இல் உப்பில் அயடீன் சேர்த்தல் நாடெங்கும் கட்டாயமாயிற்று. கருவுறுமுன்னரே போலிக் அமிலம் உட்கொண்டால், முதுகுத்தண்டு மூடாது பிறக்கும் குறை பெரும்பாலும் தவிர்க்கப்படும் என 1991இல் பிரித்தானிய ஆய்வு நிறுவியது. இவையெல்லாம் காசு பணம் அதிகம் வேண்டாத காரியங்கள். ஆனால், கருவுற்றபின் மூன்றாம் மாதத்தில் முதன்முதலாக மருத்துவமாதைக் காணும் பெண்ணுக்குப் போலிக் அமிலம் காலங்கடந்த மருந்து. அதுவே தரம் என்ற சொல்லின் உட்பொருள்: சரியான உதவி, சரியான வேளையில்.

பிறநாட்டு அறிவை அப்படியே கொண்டுவந்து நாட்டவும் முடியாது. மூச்சடைத்துப் பிறந்த குழந்தையின் உடலை மூன்று நாள் குளிர்வித்து வைத்தால் மூளையின் கேடு குறையும் என்று மேலைநாடுகளில் 2005 முதல் வெளிவந்த ஆய்வுகள் கூறின. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் வைத்தியசாலைகளில் 408 குழந்தைகளைக்கொண்டு அம்முறை சோதிக்கப்பட்டது. 2021இல் வெளிவந்த முடிவு, குளிர்விக்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்புக் குறையாது கூடியதையே காட்டிற்று. நம் நாட்டுக் குழந்தைகளின் மூளைக் கேடு வேறு வேளையில், வேறு விதமாக நேர்கின்றதோ என்ற ஐயத்தை அறிஞர் எழுப்பியுள்ளனர். நோய் ஒன்றாயினும் அது வளரும் மண் வேறு. ஆதலின், நம் மண்ணிலே, நம் தாய்மாரிடையே ஆராய்ச்சி நடத்தல் வேண்டும். தோட்டத்துப் பெண்ணை ஆராய்ச்சியின் ஓரத்தில் நிறுத்தி, நகரத்துப் பெண்ணின் கணக்கை அவளுக்கும் பொருத்துதல் விஞ்ஞானமாகாது.

இறப்பைக் கணக்கிடுதல் எளிது, பதிவேடு இருக்கிறது. பிழைத்துங் குறைபட்ட பிள்ளையைக் கணக்கிடுதல் அரிது. ஊவாவின் லயங்களிலே கழுத்து நிற்காத பிள்ளையும், அடிக்கடி வலிப்புக் காணும் பிள்ளையும், பள்ளிக்கு வந்தும் பாடம் பற்றாத பிள்ளையும் வீட்டின் மூலையிலோ வகுப்பின் கடைவாங்கிலோ இருந்துவிடுகின்றன. அவற்றின் தாய் தன் ஊழ்வினையென்று அமைகிறாள்; ஆசிரியர் மந்தம் என்று எண்ணிவிடுகிறார். பிறப்பின்போது நேர்ந்தது என்ன என்று எவரும் கேட்பதில்லை. சிசு மரணம் குறைந்த நாட்டிலே அடுத்த கேள்வி இதுவே ஆகவேண்டும். பிழைத்த பிள்ளை எப்படி வாழ்கிறது? அதனைக் கண்டு, இயன்மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் சிறு வயதிலேயே அளித்தால், இழந்ததன் ஒரு பகுதியையேனும் மீட்கலாம். மூன்று வயதில் கிடைக்கும் உதவி பதின்மூன்று வயதில் கிடைக்கும் உதவியினும் பன்மடங்கு பயன்தரும்.

இன்னும் ஒன்று உண்டு. தலைவலிக்கிறது, கண் மங்குகிறது, பிள்ளை அசைவு குறைந்துவிட்டது என்று தாய் சொல்லும் சிறு வார்த்தைகளே பேறுகாலத்து அபாயத்தின் முதல் அறிகுறிகள். அவள் பேசும் மொழியைக் கேட்டறியக்கூடியவர் எதிரில் இருந்தாலன்றி அவ்வார்த்தைகள் வீணாகும். பழைய மருத்துவச்சியிடம் இருந்த ஒரே செல்வம் அந்த மொழி. புதிய மருத்துவமாதிடம் அறிவும் கருவியும் உண்டு. இரண்டும் ஒருவரிடத்தே சேரும்போதே பராமரிப்பு முழுமையுறும். தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பள்ளியிற் படித்து உயர்ந்து, தம் ஊருக்கே மருத்துவமாதராகவும் தாதியராகவும் திரும்புவது இதனாலேயே மிக வேண்டப்படுகிறது.

‘வலிப்பு’ என்று ஒரு சொல்லை எழுதி ஏட்டை மூடிவிட்ட காலம் ஒன்று இருந்தது. அச்சொல்லைத் திறந்து பார்த்தவர்கள் ஏற்புவலியைக் கண்டார்கள். ஊசியால் அதை ஒழித்தார்கள். தாயின் வலிப்பைக் கண்டார்கள். அழுத்தத்தை அளந்து அதைத் தடுத்தார்கள். மூச்சடைப்பைக் கண்டார்கள், அதனோடு இன்னும் போராடுகின்றார்கள். ‘மந்தம்’, ‘விதி’, ‘பிறவிக் குறை’ என்று நாம் இன்று எழுதி மூடும் சொற்கள் பல உள. அவற்றுள் ஒவ்வொன்றையும் அதே பொறுமையோடு திறந்து பார்ப்பது, ஊவாவின் மலைகளில் இனிப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளுக்கு இத்தலைமுறை செலுத்தவேண்டிய கடனாகும்.